இருதயப் பரிசோதனைத் தொகுப்பு: 4,800 ரூபாய்க்குக் கிடைப்பதும் கிடைக்காததும்

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ‘இருதய நலத் தொகுப்பு’ என்ற பெயரில் 4,800 ரூபாய்க்கு வழங்கப்படும் பரிசோதனையை, நாற்பத்தேழு வயது முடிந்த நிலையில், சென்ற ஆண்டு கார்த்திகையில் செய்துகொண்டேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே தொகுப்பு ஏறத்தாழ இதே வடிவில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் விற்கப்படுவதால், நான் கண்ட நிறைகுறைகள் ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. என் தந்தைக்கு 1998-இல், ஐம்பத்து நான்காம் வயதில் மாரடைப்பு வந்தது. அந்த வயதை நெருங்க நெருங்க, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே சென்றேன்.

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். பதிவு மேசையில் ஒரு கோப்பும், எந்த அறைக்கு எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்ற சீட்டும் கொடுத்தார்கள். ஏற்பாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்த செவிலியரின் கை லாகவமானது. காத்திருப்பு எங்கும் அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்னமும் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அது தேவைதான். ஆனால் கொழுப்புப் பரிசோதனையைச் சாப்பிட்ட பிறகும் செய்யலாம் என்று இந்திய இருதயவியல் சங்கமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறிவிட்டது. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவர்களுக்கே பட்டினி முக்கியம். பசி தாங்காத முதியவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பரிசோதனையைத் தள்ளிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் உறுத்தல் ரத்த அழுத்தம் பார்த்த இடத்தில் ஏற்பட்டது. மின்தூக்கி பழுதாகியிருந்ததால் இரண்டு மாடி ஏறிச் சென்ற என்னை, முதுகு சாய இடமில்லாத முக்காலியில் உட்கார வைத்து, முகவரியைக் கேட்டுக்கொண்டே பட்டையைச் சுற்றினார்கள். 148/94 என்று கோப்பில் ஏறிவிட்டது. ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். பட்டை சுற்றிய கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் முறைப்படி பார்த்தபோது சராசரி 132/84 வந்தது. இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது வாழ்நாள் மாத்திரை ஒன்று. ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும், லட்சக்கணக்கில் விலையுள்ள எக்கோ கருவியைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பாதுகாக்கும் இடத்தில், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முதன்மைக் காரணமான ஓர் அளவை இவ்வளவு அலட்சியமாக எடுப்பது எனக்குப் புரியவில்லை.

அடுத்து ஈ.சி.ஜி., அதன் பின் எக்கோ. எக்கோ எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பி, வால்வுகள் திறந்து மூடுவதைக் காட்டினார். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 62 விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது, அது இயல்பான அளவு என்றும் சொன்னார். காசுக்குத் தகுந்த சேவை என்றால் அதுதான். ஆனால் இந்த இரண்டு பரிசோதனைகளும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை எவரும் சொல்வதில்லை. ஈ.சி.ஜி. அந்தச் சில நொடிகளில் இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தின் பதிவு. நடந்தால் நெஞ்சு இறுகும் நோயாளிக்குக்கூட, ஓய்வாகப் படுத்திருக்கும்போது அது முற்றிலும் இயல்பாக இருக்கலாம். எக்கோ தசையின் அசைவையும் வால்வுகளையும் காட்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரிக் குழாய்களுக்குள் கொழுப்பு படிந்திருக்கிறதா என்பதைக் காட்டாது. ஏற்கெனவே சேதம் நடந்திருந்தால் இவை சொல்லிவிடும். இனி நடக்கப் போவதைச் சொல்வது இவற்றின் வேலை அல்ல.

டிரெட்மில் பரிசோதனைதான் இந்தத் தொகுப்பின் கவர்ச்சி. விளம்பரப் பலகையில் ஓடும் மனிதரின் படத்தைப் போட்டிருப்பதும் அதனால்தான். மார்பில் ஒட்டுப் பட்டைகளை ஒட்டி, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்திலும் பத்து விழுக்காடு சரிவிலும் தொடங்குகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். எனக்கு அது 147. மூன்றாம் கட்டத்தில் பழனிப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. நான்காம் கட்டத்தில் நாற்பது நொடி ஓடி, ஒன்பது நிமிடம் நாற்பது நொடியில் போதும் என்றேன். அறையில் ஒரு மருத்துவர் உடனிருந்தார். அவசர மருந்துகளும் மின் அதிர்ச்சிக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இந்தப் பரிசோதனை நடக்கும் எந்த இடத்திலும் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

இறங்கியதும் பணியாளர் சொன்ன வாக்கியம் இதுதான்: “அடைப்பு எதுவும் இல்லை சார், தைரியமாப் போகலாம்.” நான் இந்த மதிப்பீட்டை எழுதுவதற்கே அந்த வாக்கியம்தான் காரணம், ஏனெனில் அது உண்மை அல்ல. ஓட்டத்தின் உச்சத்தில் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்ற அறிகுறி தெரியவில்லை என்பதுதான் அந்தப் பரிசோதனை சொன்னது. பொதுவாகக் குழாய் எழுபது விழுக்காட்டளவு சுருங்கினால்தான் அந்தப் பற்றாக்குறை டிரெட்மில்லில் தெரியத் தொடங்கும். அப்போதும் எல்லோருக்கும் தெரிவதில்லை. மாரடைப்பு அவ்வளவு சுருங்கிய இடத்தில்தான் வரும் என்ற நியதி கிடையாது. குழாயின் உட்சுவரில், முப்பது நாற்பது விழுக்காடு மட்டுமே இடத்தை அடைத்துக்கொண்டு, மெல்லிய தோல் போர்த்திய கொழுப்புக் கட்டி ஒன்று இருக்கலாம். அந்தத் தோல் கிழிந்தால், உள்ளிருப்பது ரத்தத்தில் பட்ட மாத்திரத்தில் அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டுவிடும். நேற்று டிரெட்மில்லில் நன்றாக ஓடியவருக்கு இன்று மாரடைப்பு வந்தது என்று கேள்விப்பட்டு நாம் திகைப்பதும், மருத்துவமனையைத் திட்டுவதும் இந்தக் கணக்கு நமக்குச் சொல்லப்படாததால்தான். டிரெட்மில் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது என்பவருக்கு அது மிகவும் பயன்படும். எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் அதை நற்சான்றிதழாக விற்பதுதான் பிழை.

நடுவில் காலை உணவுக்கு ஒரு கூப்பன். இருதயத் தொகுப்புக்கு உரிய கூப்பனில் நெய் மிதக்கும் வெண்பொங்கலும் இரண்டு மெதுவடையும் வந்தன. சுவையில் குறையில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பிற்பகலில் ரத்த முடிவுகள் வந்தன. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 142, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 210, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. எல்லை மீறிய எண்களுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. பட்டியலை நீளமாக்குவதற்காகவோ என்னவோ, ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவையும் சேர்த்திருந்தார்கள். அதை வைட்டமின் மாத்திரைகளால் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே எனக்கு வந்த அந்த எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. அதற்குப் பதிலாக, எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ பார்த்திருக்கலாம். ஆய்வகங்களில் ‘எல்பி லிட்டில் ஏ’ என்று கேட்டால் தெரியும். அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்துவிடும் அளவு. உணவாலும் நடையாலும் மாறாது. குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தால் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டியது. மேற்சொன்ன 2024 வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது.

இருதய மருத்துவரின் ஆலோசனை ஆறு நிமிடம் நீடித்தது. அவர் பொறுமையற்றவர் அல்லர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கோப்பைப் புரட்டினார், “டிரெட்மில் நன்றாக இருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்றார். தந்தைக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்கவில்லை. நான் புகைப்பவனா என்று கேட்கவில்லை. இடுப்பை அளக்கவில்லை. திருமங்கலத்தில் எங்கள் குடும்பத்தை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவரிடம் அதே கோப்பை எடுத்துச் சென்றபோதுதான் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் வந்திருந்தால் அது தனி அபாயக் காரணி என்றார். என் இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 எல்லை. ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது என ஒன்பது விஷயங்களே உலகெங்கும் முதல் மாரடைப்பின் அபாயத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விளக்கிவிடுகின்றன. தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. “தம்பி, ஒவ்வொரு எண்ணும் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே ஆளிடம் கூடியிருக்கிறது” என்று அவர் சொன்னது 4,800 ரூபாய்க் கோப்பில் எங்கும் இல்லாத செய்தி. லைப்போபுரோட்டீன்-ஏ தனியாகப் பார்த்ததில் 68 வந்தது. 50-ஐத் தாண்டினால் அதிகம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கினார். அதைத் தொடங்கினால் நிறுத்தக் கூடாதாமே, கல்லீரல் கெட்டுவிடுமாமே என்று கேட்டேன். சிலருக்குத் தசைவலி வரும், வந்தால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். கல்லீரலுக்குக் கடும் பாதிப்பு அரிது. நிறுத்தினால் கொழுப்பும் அதனால் வரும் அபாயமும் பழைய அளவுக்குத் திரும்புமே தவிர வேறொன்றும் நேராது என்று விளக்கினார்.

கோப்பின் பின்னட்டையில் ‘மாரடைப்பின் அறிகுறிகள்’ என்று ஒரு படம். கோட்டு அணிந்த ஒருவர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். என் தந்தைக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு மேல்வயிற்றில் எரிச்சலும் அழுத்தமும் தொடங்கியது. சட்டை நனைய வியர்த்தது. இரண்டு முறை குமட்டியது. முந்தைய நாள் கல்யாண விருந்து என்பதால் வாயு என்றே எல்லோரும் முடிவு செய்தோம். பெருங்காயம் கரைத்த மோர், பிறகு கோலி சோடா, பிறகு முதுகில் தைலம். மருத்துவமனைக்குப் போனபோது மணி பதினொன்று. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல், இரைப்பைக்கு நெருக்கமாக அமைந்திருப்பதால், அந்தப் பகுதியில் ஏற்படும் மாரடைப்பு வயிற்று வலியாகவே உணரப்படலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. வலியைவிட அந்த வியர்வைதான் பெரிய அறிகுறி என்பதும் தெரியாது. எட்டு மணி நேரத்தில் இறந்த தசை திரும்பவில்லை. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் வீங்கிய கால்களோடும், தலைக்கு இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாத மூச்சுத்திணறலோடும் வாழ்ந்தார். இதயம் பலவீனமடைந்ததன் அடையாளங்கள் அவை.

ஆகவே அந்தப் பின்னட்டையில் வேறு சில வரிகள் இருந்திருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுகிறேன். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம், அது இடது கைக்கோ இரு கைகளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஈ.சி.ஜி. எடுக்கும் வரை அதை வாயு என்று சொல்லக் கூடாது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலியே இல்லாமலும் வரலாம்; பெண்களுக்கு அளவுகடந்த அசதியும் குமட்டலும் மூச்சுமுட்டலுமே மேலோங்கித் தெரியலாம். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் வலி நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதத்துக்கான பரிசோதனையும் தேவை. தானே இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு செல்லக் கூடாது. ரத்தக் குழாய்களை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி நாக்கடியில் வைப்பதும் எல்லோருக்கும் பாதுகாப்பானதல்ல. ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது இன்னும் இறக்கிவிடும்.

அதே பின்னட்டையில் மருத்துவமனையின் பத்து இலக்கத் தொலைபேசி எண் பெரிதாக இருந்தது, 108 இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாம் என்றாலும், பலனில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் பெரிய மருத்துவமனையைத் தேடி நகரத்துக்குள் சுற்றுவதைவிட, அருகில் ஈ.சி.ஜி. எடுத்து உடனே ஊசி போடக்கூடிய இடத்துக்குச் செல்வதே மேல். சிறிய மருத்துவமனைகளையும், அடைபட்ட குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் சேவையையும் ஒரு வலையாக இணைத்துத் தமிழ்நாட்டில் நடத்திய திட்டத்தில் 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது என்று 2017-இல் முடிவுகள் வெளியாயின. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ஸ்டேட்டின் வகையான அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் வேளை மருந்தைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நம் ஊருக்கு அருகில் இருக்கும் இந்த வசதியைப் பற்றிப் பணம் வாங்கிக்கொண்டு பரிசோதிக்கும் இடத்தில் ஒரு வரிகூட இல்லாதது வணிகக் கண்ணோட்டமன்றி வேறில்லை.

இன்னொரு மனக்குறை. என்னோடு வந்த என் மனைவிக்கும் எடுக்கலாமா என்று கேட்டபோது, “மேடத்துக்கு மகளிர் தொகுப்பு இருக்கிறது” என்று வேறோர் அட்டையைக் காட்டினார்கள். அதில் மார்பக ஸ்கேன், கருப்பை ஸ்கேன், தைராய்டு எல்லாம் இருந்தன, ஈ.சி.ஜி.கூட இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும், மாதவிலக்கு நின்ற பிறகு அபாயம் ஏறுவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. என் மனைவிக்கு இரண்டாம் பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது. அதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

மொத்தத் தொகுப்பிலும் சிறந்த பகுதி, எல்லோரும் தவிர்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் உணவு ஆலோசகரின் அறை. எனக்கு முன்னால் யாரும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் பேசினார். அச்சடித்த ஓட்ஸ் பட்டியலைக் கொடுக்காமல், வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று கேட்டார். நால்வருக்கு ஐந்து லிட்டர் என்றேன். இரண்டு லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றார். அதில் பாதியைக் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் தின்றுவிடுவதையும் விளக்கினார். வடை சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுக்கக் கூடாது. சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலையும் பொரியலையும் வைக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதுவும் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான் என்று அவர் சொன்னபோது எனக்குத் தந்தையின் வெற்றிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் பீடி சிகரெட் தொட்டதில்லை என்று நாங்கள் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன்; அதில் ஒன்று முழுவதும் உணவு ஆலோசகருக்கு. நாற்பதைத் தாண்டிய, குடும்பத்தில் இதய நோய் உள்ள, இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்யாத ஒருவர் இதை ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். முடிவுகளைத் தன்னை அறிந்த ஒரு மருத்துவரிடம் காட்டிப் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறேன். ஆண்டுதோறும் டிரெட்மில்லில் ஓட வேண்டிய தேவை, அறிகுறி இல்லாத பெரும்பாலோருக்கு இல்லை. பணம் இடிக்கிறது என்பவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொழுப்புப் பரிசோதனையைத் தனியாகச் செய்தால் சில நூறு ரூபாய்தான் ஆகும். நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்கள் தொகுப்பு எதையும் தேடக் கூடாது. நேராக இருதய மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அந்த மருத்துவமனையிலிருந்து அழைத்து, அதே தொகுப்பை இருபது விழுக்காடு தள்ளுபடியில் மறுபடியும் செய்துகொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனை ஆய்வகத்தில் கொழுப்பை மட்டும் பார்த்தேன். எல்.டி.எல். 74 இருந்தது. திருமங்கலத்து மருத்துவர் எழுபதுக்குக் கீழே வர வேண்டும் என்று சொல்லி, மாத்திரையைத் தொடரச் சொன்னார். பிறகு என் மனைவியை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தார்.